அப்பாவின் பர்மாப் பேச்சு

பக்கவாதம் வந்த மூன்றாம் நாள் அப்பாவுக்கு நினைவு திரும்பியது. தமிழ் திரும்பவில்லை. கோணிய வாயால் குழறிக் குழறி அவர் பேசியதெல்லாம் பர்மாக்காரர்களின் பாஷை. ஒன்பது வயதில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். நான் பிறந்ததிலிருந்து அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை அவர் பேசி நான் கேட்டதில்லை.

எண்ணூரில் எங்கள் காலனி முழுக்கப் பர்மாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எங்களுக்கென்று ஒரு சங்கமும் உண்டு. மனைப்பட்டாவுக்காக அலைந்த காலத்தில் பெரியவர்கள் தொடங்கியது. இப்போது சாவுக்கு மாலை, பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். அங்கே ஓடினேன்.

செயலாளர் என்னைவிடச் சின்னவர், இங்கேயே பிறந்தவர். "நமக்கு அத்தோ துன்னத்தாங்க்கா தெரியும். பாஷ எவனுக்குத் தெரியும்?" என்று தலையைச் சொறிந்தார். ஆனாலும் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். வயதானவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கடைசியில் வியாசர்பாடியில் அத்தோ நூடுல்ஸ் கடை வைத்திருக்கும், பாஷை மறக்காத ஓர் அம்மா கிடைத்தார்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"இன்னா சொல்றாரு?" என்றேன்.

"கப்பல் கெளம்பப் போவுது, எங்கம்மாவ ஏத்த மாட்றாங்கன்றாரு. அவங்கம்மா பர்மாக்காரங்களா?"

எனக்குத் தெரியாது. பாட்டி ரங்கூனிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டதாகத்தான் அப்பா சொல்லியிருந்தார்.

"சாவல கண்ணு. கீழ நின்னுகினு இருந்துச்சாம். இவருக்கும் இவரு அப்பாவுக்கும்தான் பேப்பர் இருந்துச்சாம்."

அடுத்த நான்கு நாளும் அந்த அம்மா காலையில் வந்தார். கப்பல் இன்னும் கிளம்பவில்லை என்று அப்பாவிடம் பொய் சொன்னார். அப்பா அமைதியாகிக் கஞ்சி குடித்தார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்கு மறுநாள் அந்த அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது, வர முடியவில்லை. அன்று மத்தியானம் அப்பா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று செல்போனில் பதிவு செய்துகொண்டேன். தாயைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, "வருவாங்கப்பா, வந்துடுவாங்க" என்று நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

சங்கத்து மாலை வந்தது. காரியம் முடிந்த பிறகு அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டு வந்தார். பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். போனை என் கையில் கொடுத்தார்.

"தண்ணி கேட்டுகினு இருந்தாரு கண்ணு."

கட்டிலுக்குப் பக்கத்திலேயே அன்று சொம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. மறுபடி போட்டுக் கேட்டதும் இல்லை.