முதலில் வருவது வேர்தான், மிஸ்

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஷைனியின் தேர்வுத்தாளில் ஒரு விடை தப்பாம்.

விதையிலிருந்து முதலில் வருவது எது? ஷைனி ‘வேர்’ என்று எழுதியிருக்கிறாள். மிஸ் அதை அடித்து ‘இலை’ என்று திருத்தியிருக்கிறார்.

ஷைனி ஈரத்துணியில் சுற்றி முளைக்க வைத்திருந்த பலாக்கொட்டையோடு இன்று பள்ளிக்குப் போனோம்.

“கைடுல இலைன்னுதான் இருக்கு” என்றார் மிஸ்.

ஷைனி கொட்டையை மேசையில் வைத்தாள். வெள்ளை வேர் விரல் நீளத்துக்கு நீண்டிருந்தது. இலையைக் காணோம்.

“மிஸ், முதல்ல வேரு கீழ போயி தண்ணி குடிக்கும். பொறவு தண்டு மேல வரும். அதுக்குப் பொறவுதான் இலை.”

மிஸ் குனிந்து பார்த்தார். “மார்க் லிஸ்ட் போயாச்சு. இனி மாத்த முடியாது.”

“மார்க்கு வேண்டாம் மிஸ். நீங்க எழுதுன இலைய அடிச்சிருங்க.”

அடித்துவிட்டார்!

மக்களே, உங்கள் பிள்ளைகளின் எந்தச் சரியான விடை தப்பாகியிருக்கிறது?