வெள்ளிக்குத் திருநீறு

குரோய்டனிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் மூன்று வருஷமாகக் காவலுக்கு நிற்கிறேன். என் பக்கத்து மேசையில், பார்வையாளர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக, தோணி வடிவச் சீன வெள்ளிக்கட்டி ஒன்றைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். மன்னர் காலத்தில் வரியாக வந்த வெள்ளியை இப்படி வார்த்துத்தான் அரசாங்கத்துக்குக் கட்டினார்களாம். வெள்ளியின் மாற்று குறைந்தால் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதால், வார்த்த தட்டான் அதன் குழியில் தன் பெயரைக் குத்திவைப்பானாம்.

அந்தக் குழி கன்னங்கரேலென்று கிடந்தது. நாள் முழுக்க அதையே பார்த்து எனக்கு எரிச்சல். கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, பணப்பையில் இருந்த கோயில் திருநீற்றைக் கைக்குட்டையில் கொட்டித் தேய்த்துவிட்டேன். வீட்டு வெள்ளிச் செம்பை அப்படித்தானே துலக்குகிறோம். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

மறுநாள் பொறுப்பதிகாரி வந்து பார்த்தார். அந்தக் கறுப்புத்தான் அதன் வயது என்றார். குரலை உயர்த்தவில்லை. யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை," என்றார் அங்கே துப்புரவு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண். "ஆர் கண்டது?"

சொல்லியிருக்கலாம். தட்டானின் பெயர் பக்கத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் அதிகாரியின் புகாரைக் காட்டினார்கள். அதில் என் பெயர் இல்லை. 'மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்' என்று எழுதியிருந்தார்.