பின்சீட்டுக் காவல்

எங்கள் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள். கேக்கம்மா என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். முன்னறையை அடுப்பறையாக்கி, கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அடுக்கடுக்காகக் கேக் செய்கிறவள். கணவன் ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவன் என்பதால், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவள்தான்.

அதற்கு மாமனார் விட்டுப்போன பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. டிக்கியில் குலுக்கல் அதிகம் என்று கேக் பெட்டியைப் பின்சீட்டில் வைப்பாள். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வார். அவருக்கு அது பெரிய உத்தியோகம். போகும் வழியில் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். "பள்ளம் வருது, மெதுவா" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

ஒருநாள் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். பிரேக்கை மிதித்தாள். மிதி பஞ்சுபோல உள்ளே போனது. கார் நிற்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போய், மூக்கைத் தரையில் தேய்ப்பதுபோல் குனிந்து, சைக்கிளுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் காப்பாற்றப் பாய்ந்த மாமியாரின் மணிக்கட்டு பிசகிவிட்டது.

"முதல்ல கேக் நல்லாருக்கான்னு பாரு," என்றார், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்றே மெக்கானிக்கிடம் போனாள். அவன் காரைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு சக்கரமாக ஆட்டிப் பார்த்தான்.

"வேற கார்தான் வாங்கணுமா தம்பி?"

"எதுக்குக்கா? இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. குலுக்கலைத் தாங்குற ஷாக் அப்சார்பர்தான் எண்ணெய் கசிஞ்சு எப்பவோ செத்துப்போச்சு. சக்கரத்துக்கிட்ட இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் தேஞ்சுபோச்சு. இதே காரோட பெரிய மாடல்ல வர்ற பிரேக் டிஸ்க் இதுலயும் உக்காரும். அதைப் போட்டு, பிரேக் ஆயிலையும் மாத்திட்டா மிதி கெட்டியாயிடும்."

"ரேஸ் கார் மாதிரி தாழ்வா ஸ்பிரிங் போட்டா குலுங்காதுன்னு சொல்றாங்களே?"

"பார்க்க ஜோரா இருக்கும். ஒரு குழியில இறங்கினா உங்க கேக் கூரையில போய் ஒட்டிக்கும். உயரம் இப்படியே இருக்கட்டும்கா."

கார் திரும்பி வந்த அன்று பழைய ஞாபகத்தில் மிதியை ஓங்கி மிதித்தாள். ஆணி அடித்தாற்போல் நின்றது. பின்னால் வந்தவர் திட்டித் தீர்த்தார். கார் மாறிவிட்டது, கால் மாறவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. காலையில் காலி மைதானத்துக்குப் போய், பின்சீட்டில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஓட்டிப் பழகினாள். முதலில் சீட்டெல்லாம் ஈரம். தண்ணீர் தளும்பாமல் வந்து நின்ற பிறகுதான் கேக்கை ஏற்றினாள்.

மாமியாரின் கட்டுப் பிரித்த பிறகும், "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை, பெட்டி அசையவே மாட்டேங்குது," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

"அப்படியா," என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார்.

அதன்பிறகு கார் கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து நிற்பார். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். கைவலி போலும் என்று நினைத்துத் தைலம் வாங்கி வந்தாள் மருமகள்.

கணவன்தான் சொன்னான். "அம்மாவுக்குக் கை நல்லாத்தான் இருக்கு. நீ காரைச் சரி பண்ணினதுல அவங்க வேலை போயிடுச்சு."

அன்று முழுக்க அவளுக்குக் கிரீம் அடிப்பதில் மனம் நிற்கவில்லை. இத்தனை நாள் அத்தைக்குச் சிரமம் கொடுக்கிறோம் என்றே நினைத்திருந்தாள்.

அடுத்த வாரம் மலைச்சரிவைத் தாண்டி ஒரு மண்டபத்துக்குக் கேக் போகவேண்டியிருந்தது.

"அத்தை, கூட வர்றீங்களா?"

"ஏன், பெட்டி ஆடுதா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. முதல் பள்ளத்திலேயே அந்தப் பொய் உடைந்துவிடும்.

"இல்ல. அது தானா உக்காந்திருக்கும். எனக்குத்தான் தனியா போக அலுப்பா இருக்கு."

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டார். "அப்ப நான் முன்னால உக்காருறேன்."

இறக்கத்தில் கார் ஒரே நிதானமாக இறங்கியது. மாமியார் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"உன் மாமனாருக்குக் கார் ஓட்டத் தெரியாது, தெரியுமா?"

"என்னது! இது அவர் கார்தானே?"

"வாங்கிட்டார். லைசென்ஸ்தான் கடைசிவரை கிடைக்கல. ஞாயித்துக்கிழமை கழுவித் துடைச்சு, நாங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்து ரேடியோ கேப்போம். அப்புறம் பூட்டிட்டு வந்துடுவோம். இந்தச் சீட்டுல உக்காந்து நான் எங்கயும் போனதே இல்ல."

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் காரை ஓரம் கட்டினாள். மாமியாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கேக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "வந்த வழி வேண்டாம், ஏரிப் பக்கமா சுத்திப் போ," என்றார். வீடு வந்து சேர நேரமாகிவிட்டது. பகல் தூக்கம் கலைந்து பசியோடு எழுந்த கணவன், தானே முட்டையைப் பொரித்துக் கருக்கி வைத்திருந்தான்.

இப்போது சில நாள் கூடவே கிளம்புவார். சில நாள், "எனக்கு வேலையிருக்கு, நீ போயிட்டு வா," என்று சொல்லிவிடுவார். என்ன வேலை என்று மருமகள் கேட்பதில்லை.