உப்புத் தண்ணீர் நாற்று

என் அத்தை நெற்பயிரைச் சாகடித்துச் சம்பளம் வாங்குகிறார் என்றுதான் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கையான அவர் பயிர் விஞ்ஞானி. கடல்நீர் ஏறிக் கெட்ட வயல்களிலும் விளையக்கூடிய நெல்லைத் தேடிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி நிலையத்தின் கொட்டகையைப் பழுதுபார்த்ததால், அந்த ஆண்டு நாற்றுத் தொட்டிகள் மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தன. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே அத்தை உப்புத் தண்ணீர் ஊற்றுவார். நாற்றுகள் நுனி கருகி, வைக்கோலாகச் சாயும். எனக்கு அழுகையாக வரும்.

ஒரு சனிக்கிழமை மதியம் பெருங்காற்று அந்தக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. வானம் இருண்டது. மழை பெய்தால் நாற்றுகள் பிழைத்துக்கொள்ளுமே என்று எனக்குச் சந்தோஷம். அத்தையின் முகமோ வெளுத்துவிட்டது.

"மழத்தண்ணி பட்டா உப்பு கரைஞ்சு ஓடிடும் பாப்பா. எது உப்ப தாங்குச்சுன்னே தெரியாம போயிடும், இத்தன வருச வேலையும் போச்சு. ஓடு, கீழ கடைக்கார அண்ணன கூப்பிடு!"

கீழே சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை. சாப்பாட்டு நேரம், வரிசை சாலைவரை நின்றது. கடைக்காரர் நான் சொன்னதை முழுதாகக்கூடக் கேட்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு, வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார். முதல் தொட்டியைத் தூக்கியவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாம் செத்துப்போச்சே லா! இதயா தூக்கணும்?"

"ஆமாண்ணே. சாயாம தூக்குங்க."

அவர் தொட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வரிசையில் நின்ற சிலரும் வந்து கைகொடுத்தார்கள். கடைசித் தொட்டி கடைக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

அத்தை தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். ஒன்றில் மட்டும் சில நாற்றுகள் பச்சையாக நின்றன. அவற்றைத் தொட்டபடியே அழுதார். செத்ததற்கெல்லாம் அழாதவர் பிழைத்ததற்கு அழுகிறாரே என்று எனக்கு வியப்பு.

அந்த நாற்றுகளின் வழிவந்த நெல் இன்று கடலோர வயல்களில் விளைகிறது. அதற்காக அத்தைக்கு மாலை போட்டார்கள், மேடையேற்றிப் பாராட்டினார்கள். எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கடைதான். அன்று காத்திருந்தவர்களில் பாதிப்பேர் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றும் நடக்காததுபோல் அத்தைக்குத் தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். செத்த பயிர் என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் சுமந்தார்கள். அது எனக்கு அப்போது பெரிதாகவே தெரியவில்லை. மாடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் கீழே இருப்பவர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் ஏறி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.