வெள்ளிக்கிழமை வைஃபை

"ரிஃப்கா, ஓடியா! பென்குயின் மறுபடியும் படுத்துக்கிச்சு."

"வைஃபை வரலையா சாச்சி?"

"வரல. உங்க சாச்சா அங்க சட்டிய அடுப்புல வச்சிட்டு நிக்கிறாரு."

"போன்ல பேசுங்களேன்."

"போன்ல எண்ணெ பிரிஞ்சது தெரியுமாடி? அவரு மூக்கு மட்டுந்தான் தெரியும்."

அதிராம்பட்டினத்தில் மெஹராஜ் பேகத்தின் வெள்ளிக்கிழமை இப்படித்தான் விடியும். கணவர் அப்துல் ஜலீலுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. ஆறு பேர் தங்கும் அறையில் வெள்ளிக்கிழமைச் சமையல் அவர் முறை. அவருக்கோ சமைக்கத் தெரியாது. லேப்டாப்பை அரிசி டின்னில் சாய்த்து வைத்து, இங்கிருந்து சட்டியைப் பார்த்து மெஹராஜ் சொல்லச் சொல்ல, அங்கே மீன் குழம்பு, அவர்கள் பேச்சில் ஆணம், கொதிக்கும். ஒரு வாரம் இணைப்பு வராமல் போக, ஜலீல் தன் போக்கில் புளியைக் கரைத்து ஊற்றினார். அறைக்காரர்கள் மீனைக் கழுவித் தின்றார்களாம். இன்னொரு தடவை அப்படி நடந்தால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு கக்கூஸ் கழுவும் முறையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியும் வைத்திருக்கிறார்கள்.

லேப்டாப்பில் பென்குயின் படம் போட்ட லினக்ஸை ஏற்றியவர் ஜலீல்தான். போன விடுமுறையில் வந்தபோது, "இதுல வைரஸே வராது" என்று தெருவெல்லாம் பெருமையடித்துவிட்டுப் போனார். "வைரஸ் வரல மச்சான், வேற எதுவும் வரல" என்பது மெஹராஜின் பதில்.

மெஹராஜின் தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். அடுப்பு, குழாய், தெருப்பிள்ளைகளின் மூக்கு எல்லாவற்றுக்கும் அதே துணிதான். டிவி ரிமோட்டைத் துடைத்துத் துடைத்து எண்கள் போய்விட்டன. அந்த வீட்டில் மனப்பாடமாகத்தான் சேனல் மாற்ற வேண்டும். சிலிண்டர் கொண்டு வருபவர் சிலிண்டரை இறக்கும் முன்பே, "தொடச்சுத்தான் கொண்டாந்திருக்கேன்மா" என்று சத்தியம் செய்வார்.

பக்கத்து வீட்டு ரிஃப்கா கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பவள். பேச்சு குறைவு. முதல் முறை, வைஃபை அடாப்டர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடுகிறதோ என்று அந்த அமைப்பை மாற்றினாள். அடுத்த வாரம் அதன் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். பிறகு ரூட்டரைச் சந்தேகப்பட்டாள். எதைச் செய்தும் உடனே பலன் இருக்காது. "தள்ளு, ஒரே கை ரேகையா இருக்கு" என்று மெஹராஜ் அவளை நகர்த்திவிட்டு, பிஸ்மி சொல்லி விசைப்பலகையை ஒரு துடை துடைப்பார். வைஃபை வந்துவிடும். தான் மாற்றியது மெதுவாக வேலை செய்கிறது என்று ரிஃப்கா நினைத்துக்கொள்வாள். பிஸ்மியின் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்று மெஹராஜ் நினைத்துக்கொள்வார். இருவரும் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அடாப்டரின் நிலை என்னவென்று ரிஃப்கா லினக்ஸிடமே கட்டளை தட்டிக் கேட்டாள். அடாப்டர் இருக்கிறது, அமைப்புகளில் குறையில்லை, ஆனால் பொத்தான் மூலம் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. எந்தப் பொத்தான் என்று அவள் யோசிக்கும்போதே துணி வந்துவிட்டது. மேல்வரிசையில் துணி போன இடத்தில், ஆரஞ்சாக இருந்த ஒரு பொட்டு விளக்கு நீலமானது. வைஃபை வந்தது.

"சாச்சி, இந்தப் பட்டனை ஒரு தடவ அழுத்துனா வைஃபை போயிரும், இன்னொரு தடவ அழுத்துனா வந்துரும். சாச்சா கூப்புடுறதுக்கு முன்னாடி பளிச்சுன்னு இருக்கணும்னு நீங்க தொடைக்கிறப்பதான் போகுது."

மெஹராஜ் இடுப்பில் கை வைத்தார். "அப்ப கெடுத்தது நானு, சரி பண்ணதும் நானு. நீ இத்தனை வாரமா என்னடி பண்ணே?"

ரிஃப்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பட்டன் வேலை செய்யாம பண்ணிரவா?"

பதில் வருவதற்குள் திரையில் ஜலீல் கரண்டியோடு வந்துவிட்டார். மெஹராஜ் அவர் பக்கம் திரும்பினார். "தேங்காப்பாலு இப்ப ஊத்தாதீங்க. தீயக் கொறங்க. இன்னும். ம், இப்ப ஊத்துங்க." எண்ணெய் பிரிந்தது. பின்னால் நின்ற அறைக்காரர்கள் தட்டைத் தட்டினார்கள். ஜலீல் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்படியே எங்க உம்மா வைக்கிற ஆணம்!"

மெஹராஜ் தோள் துணியை எடுத்து, மேல்வரிசையை நிதானமாக ஒரு துடை துடைத்தார். ஜலீல் வாய் திறந்தபடி திரையில் உறைந்தார்.

"பட்டன் அப்படியே இருக்கட்டும்டி."

அலமாரியில் போன் அடித்தது. அதையும் துடைத்து ரிஃப்காவிடம் நீட்டினார்.

"நீ எடு மவளே. கேட்டா, லினக்ஸ்னு சொல்லிடு."