பேட்டரிதானே, தொடலாம்ல?

இன்று தாம்பரம் வீட்டில் எனக்கு உயிர் போய் வந்தது.

வீட்டில் கரண்ட் வந்தால், பேட்டரியில் ஓடும் சின்ன ரிலே சுவிட்ச் ஒன்று 'டக்' என்று அடிக்கும்படி செய்திருந்தேன். வீட்டு கரண்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஆப்டோகப்ளர் என்ற சின்ன சில்லு. அதைத் தாண்டி வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. பேட்டரி பக்கம் குழந்தைகூடத் தொடலாம் என்று மனைவி ஸ்டெல்லாவிடம் பீற்றிக்கொண்டேன்.

ரிலே அடித்தது.

"பேட்டரிதானே, தொடலாம்ல?" என்று ஸ்டெல்லா கையை நீட்டினாள்.

எனக்கு என்னவோ உறுத்தியது. முந்திக்கொண்டு பேட்டரி பக்கத்து ஒயரில் டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது!

"ஐயோ, கைய எடு!"

வால்வு ரேடியோ கட்டிய பழக்கத்தில், இரண்டு பக்கத்து எர்த்தையும் சேர்த்து சால்டர் அடித்திருக்கிறேன். அந்த வழியாக வீட்டு கரண்ட் பேட்டரி பக்கமும் வந்துவிட்டது.

இப்போது டார்ச் லைட்டை நீட்டினாலும், "முதல்ல நீங்க தொடுங்க" என்கிறாள். உங்கள் வீட்டில் எப்படி?