கோழிக்கு வயிற்று வலி

எங்கள் குழந்தைகள் வார்டில் ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டை உண்டு. முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால் குழந்தை ஒரு முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். டெல்லிக்கு நர்ஸாக வந்த நாளிலிருந்து அந்த அட்டை மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

வயிற்று வலி என்று வந்திருந்த ஆறு வயதுக்காரி ஒருத்தி, மூன்று முறை கேட்டும் சிரிக்கிற முகத்தையே தொட்டாள். டாக்டர் வயிற்றை அமுக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு "கூசுது" என்றாள். அவள் அம்மா ஆர்.கே.புரத்தில் நாலு வீட்டில் வேலை செய்கிற தமிழ்க்காரி. "அச்சா ஆயிடுச்சு சிஸ்டர், ஜல்தி அனுப்பிடுங்க" என்று பையைக் கட்டிவிட்டாள்.

ஆனால் பாத்ரூமுக்குப் போகும்போது குழந்தை கூனிக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயது பஞ்சாபி. "அவளே வலி இல்லைங்கிறாளே, சிஸ்டர்ஜி" என்று இந்தியில் சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் எழுத ஃபைலைத் தேடினார். கிடைக்கவில்லை. அதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். என் உடம்புக்கு ஒரு ஃபைலை மறைப்பது பெரிய காரியமில்லை.

உட்கார்ந்தபடியே ஒரு ரப்பர் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டேன். ஐந்து விரலும் கொண்டையாகிவிட்டன. பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து அவளிடம் கொடுத்தேன்.

"இந்தக் கோழிக்கும் உடம்பு சரியில்லையாம் பாப்பா. அதுக்கு எந்த மூஞ்சி?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அழுகிற முகத்தைத் தொட்டாள்.

"அப்ப டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஊசி போடுவாங்க ஆன்ட்டி. போட்டா கோழி வெடிச்சிரும்."

டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பைக் கோழியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். எங்கே வலி என்றதும் குழந்தை கோழியின் வயிற்றில் வலப்பக்கம் கீழே விரல் வைத்தாள். டாக்டர் கோழியை அந்த இடத்தில் அமுக்கினார். அவள் தன் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஃபைலைக் கேட்டார். எழுந்து கொடுத்தேன், கொஞ்சம் சூடாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கியிருந்தது. வெடிக்க இருந்தது கோழி இல்லை. அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது.

மறுநாள் காலை அட்டையோடு போனேன். கோழி காற்று இறங்கி அவள் தலைமாட்டில் கிடந்தது. அவள் வெகுநேரம் யோசித்து ஐந்தாவது முகத்தைத் தொட்டாள்.

"இது கோழிக்கா?"

"எனக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஊசி குத்தாமல், டிரிப்ஸ் குழாய் வழியாகவே வலிக்கு மருந்து ஏற்றினேன்.

"கொளந்த வலிக்குதுன்னு சொல்லுது," என்றாள் அம்மா, "நீங்க என்ன சிஸ்டர் சிரிக்கிறீங்க?"